மருந்து எதன் வழியே போகிறது?

– மூன்றாமாண்டு மாணவன், பிளாஸ்டிக் டெக்னாலஜி



நம் மலரில் எங்கள் துறை சார்பாக ஒவ்வோர் ஆண்டும் "பிளாஸ்டிக் – நண்பனா, பகைவனா?" என்கிற மாதிரி ஒரு கட்டுரை வந்துவிடும். இந்த ஆண்டும் அதையே கொஞ்சம் மாற்றி எழுதித் தரும்படிதான் யூனியன் செயலாளர் கேட்டார். எனக்கு மனசு வரவில்லை. சென்ற ஆண்டு நான்கு மாத காலம், மூன்று வாரத்துக்கு ஒரு நாள் வீதம், ஒரு பிளாஸ்டிக் குழாயையே பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தக் குழாயைப் பற்றித்தான் எழுத வருகிறது.

என் பெரியம்மாவுக்குச் சினைப்பையில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, கீமோதெரபி ஆறு சுற்று என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாக்லிடாக்ஸெல், கார்போபிளாட்டின் என்று இரண்டு மருந்துகள். பெரியப்பாவுக்குக் கண் பார்வை மட்டம். ஆகவே சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுகிற வேலை என்னுடையதாயிற்று.

முதல் சுற்று அன்று சீட்டின் கடைசி வரியில் ஏதோ கிறுக்கியிருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சாதாரண டிரிப்ஸ் செட் ஒன்றை எடுத்துப் போட்டார். வார்டில் சிஸ்டர் கவரைப் பார்த்ததும் பிரிக்காமலே என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, இந்த மருந்துக்கு இது ஆகாது. பிவிசி படாத செட்டு, ஃபில்டர் வெச்சது வேணும். கேட்டு வாங்கிட்டு வா."

கடைக்காரரோ, "எல்லாம் ஒரே குழாய்தாம்ப்பா. பேரு வேற, வெலை வேற, அவ்வளவுதான்" என்றார். கொடுத்த செட்டைத் திருப்பியும் வாங்கவில்லை. மூன்றாவது கடையில்தான் சிஸ்டர் சொன்னது கிடைத்தது. விலை முன்னதைப்போலப் பல மடங்கு. பெரியப்பா பில்லைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "நீ பிளாஸ்டிக்தானேடா படிக்கிறே? ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டார். இரண்டரை வருஷம் படித்தவன், பதில் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததும், செய்து பார்த்ததும், செய்ததில் தவறியதும்தான் இந்தக் கட்டுரை.

மருந்தை விடப் பெரிய சுமை

முதலில் மருந்தைப் பார்ப்போம். பாக்லிடாக்ஸெல் அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள். மன்ரோ வால், மன்சுக் வானி என்ற இருவர் பிரித்தெடுத்து, 1971-ல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். வானி நம் நாட்டுக்காரர், மகாராஷ்டிரத்து நந்துர்பாரில் பிறந்தவர். மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992-ல், அதுவும் சினைப்பைப் புற்றுநோய்க்குத்தான். இடையில் ஓடிய 21 ஆண்டுகளின் தொல்லைகளில் ஒன்று, இந்தப் பொருள் தண்ணீரில் கரையவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

கரையாத பொருளை நரம்பு வழியாக எப்படி ஏற்றுவது? ஆமணக்கு எண்ணெயோடு எத்திலீன் ஆக்சைடைச் சேர்த்துத் தயாரிக்கும் கிரெமஃபார் என்ற திரவத்தையும், சரிபாதி ஆல்கஹாலையும் கலந்து அதில் கரைத்தார்கள். நம் பாட்டிமார் குழந்தைக்கு ஊற்றுகிற விளக்கெண்ணெயின் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மி.லி. மருந்தில் பாக்லிடாக்ஸெல் 6 மில்லிகிராம். கிரெமஃபார் 527 மில்லிகிராம்!

ஒரு கணக்குப் போடுவோம். உடல் பரப்பு 1.5 சதுர மீட்டர் உள்ளவருக்குச் சதுர மீட்டருக்கு 175 மி.கி. வீதம் கொடுத்தால் 262.5 மி.கி. மருந்து. அதற்கு 43.75 மி.லி. தேவை. அதில் கிரெமஃபார் மட்டும் 23 கிராம். கால் கிராம் மருந்தைத் தூக்கிக்கொண்டு போக 23 கிராம் வண்டி. இந்த மருந்துக்கு முன்னால் ஒவ்வாமையைத் தடுக்க வேறு ஊசிகள் போடுகிறார்களே, அதற்கும் இந்த வண்டி ஒரு முக்கியக் காரணம். நம் விஷயமான குழாய்க்கும் இதுதான் வில்லன்.

குழாய்க்குள் இருக்கும் எண்ணெய்

திருப்பி வாங்காத அந்தச் சாதாரண செட் வீட்டில் கிடந்தது. அதை மேசையில் பரப்பி ஒவ்வொரு பாகமாகப் பிரித்தேன். பாட்டிலில் குத்துகிற கூர்முனை கெட்டியான ஏபிஎஸ். அதன் கீழே சொட்டு விழுகிற அறை. நீளக் குழாய் முழுக்க மெத்தென்ற பிவிசி. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் உருளைக் கவ்வி. கடைசியில் ஊசியோடு இணையும் லூயர் முனை. சில செட்டுகளில் இந்த முனை பாலிகார்பனேட்டில் வருகிறது. ஆக, கையடக்கக் கவருக்குள் நம் இரண்டாமாண்டுப் பாடப்புத்தகத்தில் பாதி இருக்கிறது.

பிவிசி இயல்பாகவே மெத்தென்றிருக்குமா? இல்லை. வீட்டுக்குத் தண்ணீர் வரும் பைப்பும் பிவிசிதான், அதை வளைத்துப் பாருங்கள். அதைக் குழைவாக்க பிளாஸ்டிசைசர் சேர்க்கிறோம். மருத்துவக் குழாய்களில் நெடுங்காலமாக அதிகம் சேர்ப்பது டிஇஎச்பி என்ற எண்ணெய் போன்ற திரவம். எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். கவனிக்க வேண்டியது, இது பிவிசிச் சங்கிலியோடு வேதிப் பிணைப்பால் கட்டப்படவில்லை. இடுக்குகளில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. பஜ்ஜியில் எண்ணெய் இருப்பது போல. பஜ்ஜியைப் பீங்கான் தட்டில் வைத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பேப்பரில் வைத்தால் தெரியும் சங்கதி.

வெறும் சலைன் பீங்கான் தட்டு. டிஇஎச்பி தண்ணீரில் அநேகமாகக் கரையாது; ஆகவே சலைன் ஓடினால் மிகக் கொஞ்சம்தான் வெளியே வரும். கிரெமஃபார் கலந்த சலைன் பேப்பர். கிரெமஃபார் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். சோப்பு எப்படி எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுகிறதோ அப்படிக் குழாயின் உட்சுவரைக் கழுவி, டிஇஎச்பியை மடியில் கட்டிக்கொண்டு நேரே நரம்புக்குள் போய்விடுகிறது. செறிவு கூடினால், வெப்பம் கூடினால், குழாயோடு சேர்ந்திருக்கும் நேரம் கூடினால், வருகிற அளவும் கூடும். இதனால்தான் இந்த மருந்தைக் கண்ணாடி, பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஓலிஃபின் பாத்திரத்தில் கலக்க வேண்டும், உட்புறம் பாலிஎத்திலீன் உள்ள குழாய் வழியே ஏற்ற வேண்டும், வழியில் 0.22 மைக்ரானுக்கு மேற்படாத ஃபில்டர் இருக்க வேண்டும் என்று மருந்தின் குறிப்புத் தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். சிஸ்டர் சொன்னது அவருடைய சொந்தக் கண்டிப்பு அல்ல.

நம் ஊரில் ஒரு வசதி. சலைன் பாட்டில்கள் பலவும் பாலிஎத்திலீனில் ஊதி வார்த்தவை. ஆகவே பெரும்பாலும் பாட்டில் பிரச்சினையில்லை. கீழே தொங்குகிற குழாயில்தான் கோட்டை விடுகிறோம்.

டிஇஎச்பி உடம்பில் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதித்தது தெரிந்தது. 2002-ல் அமெரிக்க எஃப்டிஏ, ஆண் சிசுக்கள், ஆண் கருவைச் சுமக்கும் தாய்மார், பருவ வயதை நெருங்கும் பையன்கள் ஆகியோருக்கு இயன்றவரை மாற்றுப் பொருள் பயன்படுத்தும்படி அறிவிப்பு வெளியிட்டது. என் பெரியம்மா இந்தப் பட்டியலில் இல்லை. ஒரு நாள் தவறான செட்டில் ஏற்றிவிட்டால் உடனே ஆபத்து என்று பயமுறுத்தவும் நான் வரவில்லை. ஆனால் ஏற்கெனவே விஷத்துக்குச் சமமான மருந்தைத் தாங்குகிற உடம்புக்கு, தவிர்க்கக்கூடிய ஒன்றை எதற்கு மேலும் கொடுக்க வேண்டும்? என் வாதம் அவ்வளவுதான்.

இதை வைத்து பிவிசியை வில்லனாக்கிவிடவும் கூடாது. ஜெம்சைடபினை பிவிசிப் பையிலும் செட்டிலும் தாராளமாக ஏற்றலாம். பெரியம்மாவின் இன்னொரு மருந்தான கார்போபிளாட்டினுக்கும் சாதாரண செட் போதும். தண்ணீரில் தானே கரைகிற மருந்துகளுக்கு வண்டி வேண்டாம், வண்டி இல்லையென்றால் கழுவலும் இல்லை. மலிவு, கண்ணாடி போன்ற தெளிவு, மடங்கினால் திரும்ப விரியும் தன்மை என்று பிவிசிக்கு இருக்கும் நல்ல குணங்களை எந்தப் பிளாஸ்டிக்கும் ஒருசேரக் கொடுத்துவிடவில்லை.

பச்சைச் சுடர்

இரண்டாம் சுற்றில் ஒரு விபத்து. சிஸ்டர் விலையுயர்ந்த செட்டைப் பிரித்ததும் அது கை தவறித் தரையில் விழுந்தது. "ஸ்டெரிலிட்டி போச்சு" என்று ஒதுக்கிவிட்டார். மறுபடி மூன்றாவது கடைக்கு ஓட்டம், பெரியப்பாவின் பெருமூச்சு. ஆனால் மருந்தே படாத ஒரு நல்ல செட் என் கைக்கு வந்தது. (மருந்து ஓடிய செட்டை யாரும் தொடக்கூடாது. 2016-ம் ஆண்டு விதிகளின்படி அது மஞ்சள் பையில் போய், எரிக்கப்பட வேண்டிய கழிவு.)

லேபில் நாம் செய்கிற பைல்ஸ்டைன் சோதனை நினைவிருக்கும். தாமிரக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருந்தால் சுடர் பச்சையாகும். பழைய செட்டின் குழாயில் தொட்டுக் காட்டினேன். பச்சை. எதிர்பார்த்ததுதான். அடுத்து விலையுயர்ந்த செட். தொட்டேன், காட்டினேன்.

அதுவும் பச்சை!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு சுற்று முடிந்துவிட்டது. இத்தனை காசு கொடுத்து வாங்கியதும் பிவிசிதானா? மூன்றாவது கடைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்றே முடிவு கட்டி, அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டேன். கடையில் கூட்டம் இருக்கும்போதே சத்தமாகக் கேட்டேன். அவர் பதற்றப்படாமல் கவரை எடுத்துக் காட்டி, "பாக்லிடாக்ஸெல் செட்டுன்னுதான் தம்பி போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். நான் நம்பவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் எங்கள் லேப் சாரிடம் விவரம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "குறுக்கே வெட்டிப் பார்த்தியா?"

பிளேடால் மெல்லிய வில்லையாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தோம். ஒரு குழாய்க்குள் மூன்று வளையங்கள்! வெளியே தடித்த பிவிசி, நடுவில் இரண்டையும் ஒட்டவைக்கும் மெல்லிய படலம், உள்ளே பாலிஎத்திலீன். கோ-எக்ஸ்ட்ரூஷன் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே, அது இங்கே என் கண்ணெதிரே. மடங்காமல் இருக்க வெளியே பிவிசி, மருந்துக்கு முகம் காட்ட உள்ளே பாலிஎத்திலீன். உள் படலத்தை ஊசிமுனையால் உரித்துத் தனியே சோதித்தபோது சுடரில் பச்சை இல்லை. தண்ணீரில் போட்டபோது மிதந்தது, பிவிசி மூழ்கும்.

சோதனை தவறில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு. குழாயில் பிவிசி இருக்கிறதா என்று பார்த்தேன். மருந்து எதைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று பார்க்கவில்லை. மூன்றாம் சுற்றுக்குச் செட் வாங்கப் போனபோது கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "படிக்கிற பசங்க இப்படித்தான்" என்று சிரித்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்தார்.

சொட்டுக் கணக்கு பிசகியது

மூன்றாம் சுற்றில் அடுத்த பாடம். 500 மி.லி., 3 மணி நேரத்தில் ஏற வேண்டும். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. ஆகவே 500 × 20 ÷ 180, நிமிடத்துக்கு ஏறத்தாழ 56 சொட்டு. சிஸ்டர் வைத்துவிட்டுப் போனதும் அதுதான். நானும் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு தரம் எண்ணினேன். பிசகாமல் 56. பெரிய விஞ்ஞானி மாதிரி, "கரெக்டா போகுது சிஸ்டர்" என்று அறிக்கை வேறு கொடுத்தேன். 3 மணி நேரம் ஆனபோது பாட்டிலில் நிறையவே மிச்சம் இருந்தது. முடிய 4 மணி 10 நிமிடம் பிடித்தது.

வீட்டுக்கு வந்து பின்னாலிருந்து கணக்குப் போட்டேன். 250 நிமிடம், நிமிடத்துக்கு 56, ஆக 14,000 சொட்டு. 500-ஆல் வகுத்தால் மி.லி.க்கு 28 சொட்டு. சொட்டு சிறுத்திருக்கிறது!

ஏன் சிறுத்தது? முதலாண்டு இயற்பியலில் பரப்பு இழுவிசை படித்தோம். ஒரு குழல்முனையில் தொங்கும் துளியின் எடை பரப்பு இழுவிசையைப் பொறுத்தது என்று 1864-லேயே தாமஸ் டேட் சொல்லிவிட்டார். 20 சொட்டு ஒரு மி.லி. என்பது காய்ச்சி வடித்த தண்ணீருக்கு வைத்த அளவு. கிரெமஃபார் சோப்பு மாதிரி பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடுகிறது. துளியைப் பிடித்து நிறுத்தும் பலம் குறைந்ததால், பெரிதாகும் முன்பே அறுந்து விழுகிறது. பழைய செட்டை லேபில் தொங்கவிட்டுப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் 10 மி.லி.க்கு ஏறக்குறைய 200 சொட்டு. பாத்திரம் துலக்கும் திரவம் கொஞ்சம் கலந்ததும் 300-ஐத் தாண்டியது. நீங்களும் செய்து பார்க்கலாம், பத்து நிமிட வேலை.

ஒரு மணி நேரத் தாமதத்தால் பெரியம்மாவுக்குக் கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் இந்த மருந்தில் நேரம் என்பது அலங்காரம் அல்ல. 3 மணி நேரத்தில் ஏற்றியதையும் 24 மணி நேரத்தில் ஏற்றியதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, நீண்ட நேரம் ஏற்றியவர்களுக்கு வெள்ளணுக்கள் அதிகம் குறைந்தன. அதற்காக நாமே உருளைக் கவ்வியைத் திருகி வேகம் கூட்டுவது தவறு. சிஸ்டரைக் கூப்பிட்டுப் பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று காட்டினால் போதும். சொட்டை எண்ணாமல் கன அளவைத் தள்ளுகிற பம்ப் இருந்தால் இந்தக் குழப்பமே கிடையாது. நான் என் கணக்கைச் சிஸ்டரிடம் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, "இந்த மருந்து எப்பவுமே லேட்டாத்தான் முடியும். ஏன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். நான்காம் சுற்றிலிருந்து பம்ப் வைத்தார்கள். என் கணக்கால் வைத்தார்களா, அன்று பம்ப் காலியாக இருந்ததா, கேட்கவில்லை.

கரைந்து போகும் கருவி

அடுத்தது மோல்டிங் பக்கம் வேலைக்குப் போகப் போகிறவர்களுக்கு. குழாயிலிருந்து எண்ணெய் வருவது ஒரு ரகம். கெட்டி பிளாஸ்டிக் பாகமே விரிந்து உடைவது இன்னொரு ரகம்.

எட்டோபோசைட் என்ற மருந்தும் தண்ணீரில் கரையாதது. பாலிசார்பேட் 80, பாலிஎத்திலீன் கிளைக்கால், ஆல்கஹால் எல்லாம் கலந்த கரைசலில் வருகிறது. இதை நீர்க்காமல் அப்படியே அக்ரிலிக் அல்லது ஏபிஎஸ் பாகங்களில் எடுத்தால் அவை விரிசல் விட்டு ஒழுகியதாக அறிக்கைகள் உண்டு. சலைனில் நீர்த்தால் அந்தக் கோபம் தணிந்துவிடும். ஆனால் மி.லி.க்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் செறிவு வைத்தால் மருந்து படிகமாகப் படிந்துவிடக்கூடும். ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் பாறை.

விரிசல் ஏன் வருகிறது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. என்விரான்மென்டல் ஸ்ட்ரெஸ் கிராக்கிங். இன்ஜெக்ஷன் மோல்டிங்கில் அவசரமாகக் குளிரவைத்த பாகத்துக்குள் இறுக்கம் உறைந்து நிற்கிறது. லூயர் முனை என்பது 6 சதவீதச் சரிவுள்ள கூம்பு. ஆணைப் பெண்ணுக்குள் திருகி இறுக்கினால் வெளிக்கூம்பின் சுவர் விரியப் பார்க்கும். உள்ளிருக்கும் இறுக்கமும் வெளியிலிருந்து வரும் இறுக்கமும் சேர்ந்த இடத்தில் ஒரு துளி கரைப்பான் பட்டால் போதும். நான் இன்பிளான்ட் டிரெய்னிங் போன இடத்தில் பாலிகார்பனேட் பாகங்களை டொலுயின்–புரோபனால் கலவையில் முக்கி எடுத்து விரிசல் பார்ப்பார்கள். அன்று அது எனக்கு விளையாட்டாக இருந்தது. சைக்கிள் டைம் இரண்டு வினாடி குறைத்ததற்குச் சூப்பர்வைசர் கை தட்டியபோது நானும் தட்டினேன்.

டைமெத்தில் அசிட்டமைடு இன்னும் ஒரு படி மேல். அது விரிசல் விடுவதோடு நிற்காது, பாலிகார்பனேட்டையும் ஏபிஎஸ்ஸையும் கரைத்தே விடும். எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு முன்னால் கொடுக்கும் புசல்ஃபான் ஊசி மருந்தில் இந்தக் கரைப்பான் உண்டு. அதனால் பாலிகார்பனேட் சிரிஞ்சு ஆகாது என்று குறிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். பெண்டாமஸ்டின் கதை இதைவிட விசித்திரம். 2008-ல் அமெரிக்காவில் அது பொடியாக வந்தது. பிறகு கலக்கும் சிரமம் வேண்டாம் என்று டைமெத்தில் அசிட்டமைடு கலந்த திரவமாகவும் விட்டார்கள். மருந்து கலக்கும் நர்சுகள், பார்மசிஸ்டுகள் மேல் ஆவியோ துளியோ படக்கூடாதென்று மூடிய பரிமாற்றக் கருவிகள் உண்டு. அவற்றில் பலவற்றின் பாகங்கள் பாலிகார்பனேட்டும் ஏபிஎஸ்ஸும். காப்பாற்ற வந்த கருவியையே மருந்து கரைத்தது. ஒழுகல் ஒரு பக்கம். கரைந்த பிளாஸ்டிக் நோயாளிக்குள் போகும் அபாயம் ஒரு பக்கம். 2015 மார்ச்சில் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. மருந்தின் பெயர் அதேதான், உள்ளிருக்கும் மருந்துப்பொருளும் அதேதான். மாறியது கரைப்பான் ஒன்றே.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. 2005-ல் அனுமதி பெற்ற இன்னொரு வகைப் பாக்லிடாக்ஸெல்லில் கிரெமஃபாரே கிடையாது. மருந்தை அல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்து நுண்துகளாக்கியிருக்கிறார்கள். இதற்கு டிஇஎச்பி இல்லாத செட் தேவையில்லை, உள்ஃபில்டரும் வேண்டாம். ஆனால் சிரிஞ்சு வழுக்கிப் போகத் தடவுகிற சிலிக்கோன் எண்ணெய் பட்டால் புரதம் நூல் நூலாகத் திரளக்கூடும். எண்ணெய்ப் பிரச்சினை ஒரு வாசலில் வெளியே போய் இன்னொரு வாசலில் உள்ளே வருகிறது, பாருங்கள்.

உலோகம் திரும்பிப் போகிறது

பெரியம்மாவின் இரண்டாவது மருந்து கார்போபிளாட்டின். பெயரிலேயே பிளாட்டினம். இந்தக் குடும்பத்தின் மூத்தவர் சிஸ்பிளாட்டின். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்பவர் மின்சாரம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் பிளாட்டினத் தகடுகளை மின்முனையாக வைத்தார். பாக்டீரியா பிரியாமல் நீள நீளமாக வளர்ந்தது. காரணம் மின்சாரம் அல்ல, தகட்டிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினச் சேர்மம்! 1965-ல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு 1978-ல் மருந்தாயிற்று.

இப்போது நம் பள்ளி வேதியியல். வினைதிறன் வரிசையில் அலுமினியம் மேலே, பிளாட்டினம் அடியில். அலுமினியம் கலந்த ஊசியோ பாகமோ மருந்தைத் தொட்டால், அலுமினியம் கரைசலுக்குள் போகும், பிளாட்டினம் கறுப்புப் பொடியாக வெளியே விழும். தகட்டிலிருந்து கரைந்து மருந்தானது, மறுபடி உலோகமாகிவிடும். கறுத்துப் போன மருந்து மருந்தல்ல. சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் மூன்றுக்கும் இந்த விதி உண்டு. இப்போது நாம் பார்க்கும் டிஸ்போசபிள் ஊசிகள் துருப்பிடிக்காத எஃகும் பாலிபுரோப்பிலீன் அடிப்பகுதியுமாக இருப்பதால் பயம் குறைவு. தவிர, சிஸ்பிளாட்டினுக்குச் சலைன் வேண்டும், ஆக்சாலிபிளாட்டினுக்குச் சலைன் ஆகவே ஆகாது, 5 சதவீத குளுக்கோஸ்தான். அண்ணன் தம்பிக்குள் அவ்வளவு ஒற்றுமை.

மூன்றாவது ரகமும் ஒன்று இருக்கிறது: பிளாஸ்டிக் மருந்தைக் குடித்துவிடுவது. கார்முஸ்டின் என்ற மருந்து பிவிசிச் சுவருக்குள் போய்விடும். நோயாளிக்குக் குறைந்த அளவே சேரும். இருதய நோய்க்கான நைட்ரோகிளிசரினும் பிவிசியில் இதே வேலையைச் செய்யும். இதில் குழாயும் நன்றாயிருக்கும், சொட்டும் விழும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் எனக்கு இந்த ரகத்தின் மேல்தான் பயம் அதிகம்.

கடையில் நிற்கும்போது

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இந்தச் சீட்டு எழுதித் தரப்படலாம். கவரில் என்ன பார்ப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சில கவர்களில் பி.எச்.டி. என்ற மூன்று ஆங்கில எழுத்தோடு ஒரு குறி இருக்கும். டாக்டர் பட்டம் அல்ல, தாலேட் என்பதன் சுருக்கம். குறுக்கே அடித்திருந்தால் தாலேட் இல்லை என்று பொருள். "டிஇஎச்பி இல்லாதது" என்பதும் "பிவிசி இல்லாதது" என்பதும் ஒன்றல்ல. டிஇஎச்பிக்குப் பதில் டிஓடிஎம் போன்ற, எளிதில் வெளியே வராத வேறு பிளாஸ்டிசைசர் போட்ட பிவிசியும் கடையில் உண்டு. பிவிசி இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்றும் நினைக்கக்கூடாது. 2010-ல் வந்த கபாசிடாக்ஸெல்லுக்கு பிவிசிப் பையும் ஆகாது, பாலியூரித்தேன் செட்டும் ஆகாது. ஃபில்டரும் அப்படித்தான்: பாக்லிடாக்ஸெல்லுக்குக் கட்டாயம், லிப்போசோம் வகை டாக்ஸோரூபிசினுக்குக் கூடவே கூடாது. ஆகவே "நல்ல செட் கொடுங்க" என்று கேட்டுப் பயனில்லை. எந்த மருந்துக்கு என்று சொல்லி, சிஸ்டர் எழுதித் தந்த வார்த்தையை அப்படியே காட்டி, வாங்கியதைப் பிரிக்காமல் கொண்டுபோய் அவரிடமே கொடுத்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் சுற்று அன்று, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவின் மகன், பிளஸ் டூ படிக்கிற பையன், கையில் சாதாரண செட்டோடு வந்தான். சிஸ்டர் அவனையும் திருப்பினார். நானே மூன்றாவது கடைக்கு அழைத்துப் போனேன். ரோட்டைக் கடக்கும்போது, "ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?" என்று கேட்டான். கடை வருவதற்குள் பஜ்ஜி எண்ணெய் வரைக்கும்தான் சொல்ல முடிந்தது.